முதல் பிள்ளைக்கு யாரும் வைக்காத பெயர்: வைக்கலாமா?

ஒரு வாசகர், மே 11

ஊரில் யாருக்கும் இல்லாத பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அப்பா அம்மாவின் ஆசைக்குத்தான், பிள்ளைக்காக இல்லை. அதைச் சுமக்கப் போவது அதுதான். ராஜன், மேரி, பாத்திமா என்று வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

மே 12

நான் மறுக்கிறேன். ஐந்தாம் மாதம் நடக்கிறது, முதல் பிள்ளை. வீட்டில் பெயர்ச் சண்டை இப்போதே ஆரம்பித்தாயிற்று.

நான் மார்த்தாண்டம் பக்கம், சி.எஸ்.ஐ. சபைக் கிறிஸ்தவள். என் வீட்டுக்காரர் சுசீந்திரம். இரண்டுக்கும் நடுவே தக்கலையில் குடியிருக்கிறோம். என் பெயர் ஜெலின். ஜெயசிங்கும் லில்லியும் சேர்ந்தால் ஜெலின், அவ்வளவுதான் அதற்குப் பொருள். நம் குமரி மாவட்டத்தில் இது ஒரு விசித்திரமே இல்லை. என் வகுப்பில் அஜின், அபின், ஜெபின், ஷாஜின், ரெஜின் எல்லாரும் அடுத்தடுத்த பெஞ்சில் இருந்தார்கள். எந்த அகராதியிலும் இல்லாத பெயர்கள், எல்லாமே அப்பா அம்மா வீட்டிலேயே செய்தவை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே பாதிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் பெயர் விழுந்தது. யாரும் வைக்காத பெயரை வைப்பது நமக்குப் புது ஆசை இல்லை, பழைய வழக்கம்.

சென்னையில் வேலைக்குப் போன பிறகுதான் சுமை தெரிந்தது. ஜெனிலா, ஷெலின், ஜெலீனா என்று தினமும் ஒருவர் திருத்துவார். எனக்குக் கோபம் வந்ததில்லை. சொல்லப்போனால் பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு கிடைத்தது.

மே 12, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. இந்த 'ஜின்' பெயர்களில் ஒரு வசதி உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அஜின் என்றால் கோயிலா சபையா என்று தெரியாது. அப்பா பெயரைக் கேட்டால்தான் தெரியும். 1982இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு பிறந்தவள் நான். பெயரைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் கணக்குப் போடுவதைப் பார்த்தே வளர்ந்தேன். என் பிள்ளைக்கு அந்தக் கணக்குக்குச் சிக்காத பெயர் வேண்டும். அழகான பெயரா, அரிய பெயரா என்பதெல்லாம் அப்புறம்.

மே 13

"உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன, அதையும் சொல்லுங்கள்" என்று கேட்ட அண்ணனுக்கு: தாணு.

சுசீந்திரம் தெப்பக்குளத்தங்கரையில் நின்று தாணு என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தாணுமாலயன் கோயில் ஊர் அது. தாணு சிவன், மால் விஷ்ணு, அயன் பிரம்மா, மூவரும் ஒரே சன்னதியில். சிவதாணு, தாணுலிங்கம், தாணுமூர்த்தி என்று நாஞ்சில் நாட்டில் எங்கும் தாணுதான். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் அப்பா பெயரும் சிவதாணுதான். ஆனால் ஆரல்வாய்மொழி தாண்டிவிட்டால் "தானுவா? வேணுவா? தனுஷா?" என்று கேட்கிறார்கள். கேள்வி கேட்ட வாசகர் ராஜன் வைக்கச் சொல்கிறார். எந்த ஊர் ராஜன்?

மே 19

சரி, பட்டியலைப் போட்டுவிடுகிறேன். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்கவும் முடியாது, சொல்லவும் மாட்டார்கள் (1994 சட்டம்). அதனால் இரண்டு பெயர் வேண்டும்.

பெண்ணென்றால் முதலில் நினைத்தது பரளி. பெருஞ்சாணி அணையிலிருந்து வரும் ஆறு, மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடியில் ஓடுவது. ஆற்றுக்குச் சாதி மதம் கிடையாது என்று நினைத்தேன். மாமி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "வருஷத்துல பாதி நாளு வத்திக் கெடக்க ஆத்துக்க பேரா மக்ளே?"

பிறகு என் வீட்டுக்காரர் புறநானூற்றைப் புரட்டிக்கொண்டு வந்தார். 140ஆம் பாட்டு, ஔவை பாடியது. நாஞ்சில் மலைத் தலைவனிடம், விறலியர் கொய்து வந்த கீரைக்கு மேலே தூவக் கொஞ்சம் அரிசி கேட்கிறார். அவன் தன் தகுதிக்கு எது பொருந்தும் என்று யோசித்துக் குன்று மாதிரி ஒரு யானையைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறான். இவன் சரியான மடையன் என்று மற்றப் புலவர்களிடம் ஔவை கிண்டலாகப் புகழ்கிறார். பாட்டு ஆரம்பிப்பதே அவன் நாட்டுப் பலாமரத்தில்தான். அந்தத் தலைவனை நாஞ்சில் பொருநன் என்கிறது பாட்டு.

ஆக, நம்ம ஊர்ப் பாட்டு ஒன்றிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயர் கிடைத்தாயிற்று. பிள்ளை ஆணென்றால் பொருநன், பெண்ணென்றால் ஔவை.

மே 20

பொருநனைப் பற்றி நீங்கள் எழுதிய கேலி எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். "பொறுமையா இரு பொருநா" என்று எழுதியவரை மட்டும் மன்னிக்க மாட்டாராம்.

ஜூன் 2

நட்சத்திர எழுத்து பார்க்கவில்லையா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மாமியும் கேட்டார். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நாலு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. அசுவினி என்றால் சு, சே, சோ, லா. ரோகிணி என்றால் ஓ, வா, வி, வு. பிள்ளை எந்தப் பாதத்தில் பிறக்கும் என்று இப்போது யாருக்குத் தெரியும்? பிறந்த பிறகு எழுத்தைப் பார்த்துப் பெயர் தேடினால், நான்கு மாதச் சண்டையை முதலிலிருந்து போட வேண்டும். அதற்கு என் உடம்பில் தெம்பு இல்லை.

மாமியிடம் ஒரு பேச்சுவார்த்தை: சாதகத்தில் எழுதும் பெயர் எழுத்துப்படி இருக்கட்டும், கூப்பிடும் பெயர் எங்களுடையது. அவருக்கு இது பழக்கமான ஏற்பாடுதான். நம் பக்கத்தில் யாருக்குத்தான் ஒரே ஒரு பெயர்? பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று, சபையில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று. என் சித்தப்பாவின் கல்யாண அட்டையைப் பார்த்துத்தான் அவர் நிஜப் பெயர் ராஜன் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

ஜூன் 3

"பேசாமல் மட்டி என்று வையுங்கள், 2023இல் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது." எழுதியவர் யாரென்று தெரியும். பிள்ளை பிறந்ததும் மட்டிப்பழம் கொண்டு வாருங்கள், பெயர் வேண்டாம்.

ஜூன் 15

இது கொஞ்சம் நீளும். இழையைத் தொடங்கிய வாசகர் மறுபடி வந்து, "பெரிய பெயர் வைத்தால் ஊர் சிரிக்கும், அதைத் தாங்குவது குழந்தை" என்று எழுதியிருக்கிறார். நம் மாவட்டத்துக்காரராக இருந்தால் இந்த வாதத்தை எடுத்திருக்க மாட்டார்.

சாமித்தோப்பில் 1809இல் ஒரு பையன் பிறந்தான். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். நாடார் வீட்டுப் பிள்ளைக்கு முடி என்றும் பெருமாள் என்றும் பெயரா என்று மேல்சாதிக்காரர்கள் எதிர்க்க, பெயர் முத்துக்குட்டி என்று மாறியது. பின்னாளில் அய்யா வைகுண்டர் ஆனவர் அவர்தான். அவர் வழிபாட்டிடமான பதியில் ஆண்கள் இன்றும் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். பெயரில் இருந்த முடியைப் பிடுங்கினார்கள், அவர் எல்லார் தலையிலும் ஒன்றைக் கட்டிவிட்டார் என்று என் அப்பா சொல்வார். அப்பா சி.எஸ்.ஐ. சபை மூப்பர், ஆனாலும் இதைச் சொல்லும்போது குரல் ஏறும்.

அந்தக் காலத் திருவிதாங்கூரில் யார் மேலாடை போடலாம் என்பதற்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது. யார் என்ன பெயர் வைக்கலாம் என்பதும் அதே பட்டியலில்தான் இருந்தது. அதனால் 'ஊர் சிரிக்கும்' என்று யாராவது சொன்னால் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. ஊர் என்றால் யார்? என் கொள்ளுத்தாத்தா காலத்தில் சின்னப் பெயராக வைத்துக்கொள் என்று சொன்னவர்களும் 'ஊர்' என்றுதான் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள்.

பெயரைச் சுமக்கும் பிள்ளைக்கு அதை இறக்கி வைக்கவும் தெரியும். பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ஜீவாவுக்கு வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து, குலதெய்வத்தின் பெயர். அவர் ஜீவானந்தம் ஆனார். தனித்தமிழ்ப் பற்று வந்தபோது கொஞ்ச காலம் உயிரின்பன் என்றும் இருந்தார், திரும்ப ஜீவானந்தத்துக்கே வந்துவிட்டார். என் மகளோ மகனோ எங்கள் பெயர் வேண்டாம் என்று மாற்றிக்கொண்டால் நான் அழ மாட்டேன். சரி, கொஞ்சம் அழுவேன்.

ஜூன் 16

மயிலாடிக்காரர் ஒருவர் வேதமாணிக்கத்தை ஏன் விட்டீர்கள் என்கிறார். நியாயம். மகாராசனாகத் தஞ்சாவூர் போய், ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தவர். தென் திருவிதாங்கூரின் முதல் புரொட்டஸ்டண்டுகளில் ஒருவர், மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்ததும் அவர் வழியாகத்தான். மகாராசன் என்ற பெயர் மட்டும் லேசானதா என்ன?

ஜூலை 7

அம்மா வந்திருந்தார். ஏழாம் மாதம், முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வாளி வாளியாக. பலகாரம் தீர்வதற்குள் பெயரை எடுத்துவிட்டார். "பிள்ளைக்க பேரு வேதத்தில உள்ளதா இருக்கட்டு மக்ளே." மாமி அதே கூடத்தில் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "பாட்டாவுக்க பேரு எங்கயாவது கெடக்காண்டாமா?" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். அவர் அடுக்களையில் சாயா போடப் போய்விட்டார். சாயா வர அரை மணி நேரம் ஆயிற்று.

கவனித்தேன், ஔவை என்ற பெயர் வினோதமாக இருக்கிறது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. அவர்களுக்குப் பெயர் புதிதாக இருப்பது ஒரு பொருட்டே இல்லை. செத்துப்போனவர்கள் அதில் இல்லையே என்பதுதான் குறை. நீங்கள் எல்லாரும் இங்கே பள்ளிக்கூடக் கேலியைப் பற்றி எழுதுகிறீர்கள். வீட்டுக்குள் நடக்கும் வழக்கே வேறு.

ஜூலை 9

துபாயில் இருக்கும் அண்ணனின் சட்ட ஆலோசனை: பெயரை ஒற்றையாக விடாதே. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று அமீரகம் அறிவித்தது. அப்பா பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது. இனிஷியலோடு வளர்ந்த நமக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே தலைவலி. பிள்ளை வளைகுடாவுக்குப் போகும் என்று இப்போதே முடிவு செய்துவிட்டாயா என்று கேட்டேன். "குமரி மாவட்டத்துல பொறக்குற பிள்ளைதானே" என்றான்.

ஜூலை 23, செவ்வாய்

ஆடிச் செவ்வாய். மாமி தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஔவை நோன்பு இருந்தார். 'மறந்தால் மாசி, தட்டினால் தை, அசந்தால் ஆடி' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரவு ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை பிடித்தார்கள். ஆண் பிள்ளைகள், தொட்டில் குழந்தை உட்பட, அதைப் பார்க்கக் கூடாது. நான் ஒரு மூலையில் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டேன். விதவிதமான உருவத்தில் கொழுக்கட்டை. ஒரு அக்கா என் வயிற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொட்டில் ஒன்று பிடித்தார், உள்ளே சோற்றுப் பருக்கை அளவில் ஒரு பிள்ளை. ஆவியில் வெந்து எடுத்தபோது தொட்டிலின் ஒரு பக்கம் விண்டு போயிருந்தது. அவர் விரலை நனைத்து அதை ஒட்டினார்.

(நோன்புக் கதையை வெளியே சொல்லக் கூடாதாம். கொழுக்கட்டையைச் சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

முடிந்து வரும்போது மாமி, "ஔவையாரம்மன்தான் உனக்க வாயில அந்தப் பேர வச்சிருக்கா" என்றார். தாழக்குடிப் பக்கம் ஔவையாரம்மன் கோயில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் பெயர் தேடும்போது அது நினைவுக்கே வரவில்லை. சாமி இல்லாத பெயராகத் தேடினேன், இந்த மாவட்டத்தில் ஔவைக்கும் கோயில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 24

இரவெல்லாம் யோசனை. மாமிக்குப் பிடித்த காரணத்தாலேயே அம்மாவுக்குப் பிடிக்காமல் போகும். பரளிக்கே போய்விடலாமா? அவர், "ஆறு வத்தினாலும் பரவாயில்லயா இப்போ?" என்று கேட்டார். தூங்குங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 4

பக்கத்து வீட்டு உம்மாவிடம் புலம்பினேன். பீர்முகம்மது அப்பா தர்கா ஆண்டு விழாவுக்கு எங்களுக்கு நேர்ச்சைச் சோறு தருபவர். "ஔவையா? எங்க ஹவ்வாதானே அது, ஆதமுக்க பொண்டாட்டி. நல்ல பேரு, வையி" என்றார். அதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு, "அப்போ நம்ம ஏவாளா?" என்றார்.

ஔவைக்கும் ஏவாளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று இங்கே நாலு பேர் விளக்கப் போகிறீர்கள். தயவுசெய்து அம்மாவின் எண்ணுக்கு மட்டும் யாரும் விளக்கிவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 5

நான் தேடியது யாருக்கும் சொந்தமில்லாத பெயர். கிடைத்திருப்பது ஆளாளுக்குத் தங்களுடையது என்று சொல்லும் பெயர். இது அதைவிட நல்லதா என்று இன்னும் தெரியவில்லை. முகம் கணக்குப் போடும் என்றேனே, இந்தப் பெயருக்கு ஒவ்வொரு முகமும் வேறு விடை எழுதிக்கொள்ளும். அதுவும் ஒரு வகைப் பாதுகாப்புதான் என்கிறார் அவர்.

ஆகஸ்ட் 18

பதிவு பற்றிக் கேட்ட தங்கைக்கு. இதை எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை அல்ல. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டே பதியலாம். பிறகு 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதையும் விட்டால் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏற்றிய பெயரை நினைத்தபடி மாற்ற முடியாது, எழுத்துப் பிழை திருத்தம் வேறு, பெயர் மாற்றம் வேறு. பெயர் மாற்றம் என்றால் அரசிதழ் வரை போக வேண்டும். அதனால் சண்டை முடியாத வீடுகள் அவசரப்பட வேண்டாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆவணம், எழுத்துக்கூட்டல் முக்கியம். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிய பிக்மி எண்ணும் (கர்ப்பத்தைப் பதிந்த எண்) கேட்பார்கள். கர்ப்பம் உறுதியானதுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து வாங்கிவிடுங்கள்.

செப்டம்பர் 14

பெண். இருவரும் நலம். கையில் கட்டியிருந்த பட்டையில் 'பேபி ஆஃப் ஜெலின்'. உலகத்தில் இந்தப் பெயர் இவள் ஒருத்திக்குத்தான் என்று அவர் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

அக்டோபர் 10

இருபத்தெட்டுக்கு அரைஞாண் கட்டினோம். சுசீந்திரத்திலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் ஆள் வந்தது. பிள்ளையின் காதில் அவர் மூன்று முறை 'ஔவை' என்று சொன்னார். மாமனார் அதே காதில் குனிந்து 'தாணம்மை' என்று மெதுவாகச் சொன்னதை நான் மட்டும் கேட்டேன். அவருடைய அம்மா பெயர். அப்பா ஜெபம் பண்ணும்போது 'கிரேஸ் ஔவை' என்றார், எங்கள் பாட்டி கிரேசம்மாள். யாரையும் தடுக்கவில்லை. பதிவேட்டில் ஏறப்போவது எது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் எல்லாரும் கூப்பிடுவது மக்ளே.

நவம்பர் 5

பெயர் சேர்க்கப் போனோம். தட்டச்சு செய்தவர் நல்ல மனிதர், திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவர் ஒ அடித்து ள அடித்து வை அடித்திருந்தார். பார்வைக்கு ஔவை மாதிரியே இருக்கிறது, ஆனால் கணினிக்கு அது ஒ, ள, வை. நாளைக்குத் தேடினால் கிடைக்காது. "பாக்க ஒண்ணுதானே மேடம்" என்றார். இல்லை, ஔ ஒரே எழுத்து என்றேன். விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்று மூவரும் தேடினோம். பின்னால் வரிசையில் நின்ற ஒரு தாத்தா, "அவ்வைன்னு போட்டா தீந்துபோச்சு" என்றார். அவரிடம் ஆங்கிலத்தில் ஏ, இரண்டு வி, ஏ, ஐ என்று போடுவதைச் சொல்லி ஒப்புதல் வாங்கினேன். ஔ கிடைத்தது.

இனிஷியல் இரண்டு: தா. ஜெ. ஔவை. மாமியும் அம்மாவும் சான்றிதழைப் படித்துவிட்டு, தங்கள் பக்கத்து எழுத்து எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தார்கள்.

நவம்பர் 6

இழையைத் தொடங்கிய வாசகர் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார், நன்றி. கருத்து மாறவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மாற வேண்டாம், இவள் பள்ளிக்கூடம் போகட்டும், அப்போது வாருங்கள், பேசுவோம்.

நவம்பர் 9

காது குத்து எங்கே என்று கேட்பவர்களுக்கு: அடுத்த வழக்கு அதுதான். மாமி முப்பந்தல் கோயில் என்கிறார், அப்பா நகைக்கடையில் வைத்துக் குத்தினால் போதும் என்கிறார். எங்கே குத்தினாலும் தாய்மாமன் மடியில்தான். அண்ணனுக்கு டிசம்பர் கடைசியில்தான் லீவு.